ரங்கபூமியில் மாந்தரும் உறவுகளும்: ஆலைத்தொழிலை விசாரிக்கும் ஒரு தத்துவ நாவல்

தொழிற்சாலையைப் பின்னணியாகக் கொண்ட நாவல்கள் பல. தொழிற்சாலை எழலாமா, யாருடைய நிலத்தில் எழலாம், எழுந்தபின் மனிதர் ஒருவருக்கொருவர் யாராவர் என்னும் வினாக்களையே கதைப்பொருளாகக் கொண்ட நாவல்கள் மிகச் சிலவே. அச்சிலவற்றுள் பிரேம்சந்தின் 'ரங்கபூமி' தலையாய இடத்தைப் பெறத்தக்கது. 1925 ஆம் ஆண்டு இந்தியில் வெளியான இந்நாவலின் பாத்திரங்களையும் அவர்களிடையே நிலவும் உறவுகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காசியை அடுத்த ஒரு சிற்றூரில் நிகழும் கதையை யாழ்ப்பாணத்துத் தீவகத்திலிருந்து ஏன் நோக்கவேண்டும் என ஒருவர் வினவலாம். இந்நாவலில் எழுப்பப்படுவது சிகரட் ஆலை; அதன் மூலப்பொருள் புகையிலை. வேலணை முதலாய தீவக ஊர்களில் கிணற்றடித் தோட்டங்களிற் புகையிலை பயிரிட்டு வாழ்ந்த குடும்பங்கள் பல. யாழ்ப்பாணப் புகையிலை ஒருகாலத்தில் திருவிதாங்கூருக்குப் பெருமளவில் ஏற்றுமதியாயிற்று. சுருட்டுக் கொட்டில்களை நம்பிப் பலர் பிழைத்தனர். தென்னிலங்கை நகரங்களிற் கடை வைத்த தீவகத்தார் விற்ற பொருள்களுள் சுருட்டும் ஒன்று. மேலும், நாவலின் மையமாக அமைவது ஊரார் ஆடுமாடுகள் மேயும் ஒரு புல்வெளி. தரவையில் மாடு மேய்த்தவர்களுக்கு அப்புல்வெளியின் பெறுமதியை விளக்கவேண்டியதில்லை. எனவே இக்கதை நமக்கு அந்நியமானதன்று.

ஆசிரியரும் காலமும்

பிரேம்சந்தின் இயற்பெயர் தன்பத்ராய். காசிக்கு அருகேயுள்ள லம்ஹி என்னும் கிராமத்தில் 1880 ஆம் ஆண்டு பிறந்தார். கல்விப் பகுதியில் அரசாங்க உத்தியோகம் பார்த்துவந்த அவர், காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்தால் ஈர்க்கப்பெற்று 1921 ஆம் ஆண்டு பெப்ரவரியில் அவ்வுத்தியோகத்தைத் துறந்தார். 1923 ஆம் ஆண்டு காசியில் 'சரஸ்வதி அச்சகம்' என்னும் அச்சுக்கூடத்தை நிறுவினார். அது அவருக்குப் பொருளிழப்பையே பெரிதும் தந்தது. முதலீடு, கடன், கூலி ஆகியவற்றின் நெருக்கடியைத் தாமே பட்டறிந்த ஒருவர்தாம் ஓர் ஆலை முதலாளியைப் பாத்திரமாக வார்த்தார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

நாவல் முதலில் உருதுவில் எழுதப்பெற்று, இந்தியில் முந்தி வெளிவந்தது. உருது வடிவத்தின் பெயர் 'சௌகானே ஹஸ்தி'. வாழ்வென்னும் ஆடுகளம் என்பது அதன் கருத்து. 'ரங்கபூமி' என்னும் இந்திப் பெயர் அரங்கு எனவும் போர்க்களம் எனவும் பொருள்படும். இருபெயர்களும் கதாநாயகனின் வாழ்க்கைத் தத்துவத்தைச் சுட்டுவன. அத்தத்துவம் யாதென்பதைப் பின்னர் நோக்குவாம்.

கதைச் சுருக்கம்

பாண்டேபூர் என்னும் ஊரிற் சூர்தாஸ் என்னும் கண்பார்வையற்ற பிச்சைக்காரன் வாழ்கின்றான். சமார் எனப்படும் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவன். அவனுக்கு முன்னோர்வழி வந்த பத்துப் பிகா நிலம் உண்டு. அதனை ஊரவரின் கால்நடைகள் மேயவிட்டுத் தான் பிச்சையெடுத்து உண்கின்றான். அருகே தோற்கிடங்கு வைத்திருக்கும் கிறித்தவ வணிகரான ஜோன் சேவக் அந்நிலத்திற் சிகரட் ஆலை கட்ட விழைகின்றார். சூர்தாஸ் விற்க மறுக்கின்றான். நகரசபைத் தலைவரான ராஜா மகேந்திரகுமாரின் துணையோடு நிலம் சட்டப்படி கைப்பற்றப்படுகின்றது. ஆலை எழுகின்றது. பின்னர், தொழிலாளருக்கு வீடு கட்டுவதற்கென ஊரே எடுக்கப்படுகின்றது. நட்டஈடு பெற்று ஏனையோர் வெளியேற, சூர்தாஸ் மட்டும் தன் குடிசையைவிட்டு நீங்க மறுக்கின்றான். மக்கள் அவன்பக்கம் திரள்கின்றனர். மாவட்ட நீதிபதி கிளார்க்கின் துப்பாக்கிக் குண்டு பட்டுச் சூர்தாஸ் இறக்கின்றான்.

இம்மையக் கதையோடு இன்னொரு கதையும் பின்னப்பட்டுள்ளது. அது ஜோன் சேவக்கின் மகள் சோபியாவும், பெருநிலக்கிழாரான குன்வர் பரத்சிங்கின் மகன் விநயும் கொண்ட காதல். மதமும் தாயின் இலட்சியமும் அரசியலும் குறுக்கிட, இருவரும் தற்கொலையில் மாள்கின்றனர்.

வாங்குபவரும் விற்க மறுப்பவனும்

நாவலின் அச்சாணியாக அமைவது ஜோன் சேவக்குக்கும் சூர்தாசுக்கும் இடையிலான உறவு. அதன் தொடக்கமே நுட்பமானது. சூர்தாஸ் காசு கேட்டு ஜோன் சேவக்கின் குதிரை வண்டியின் பின்னே நெடுந்தூரம் ஓடுகின்றான். ஒரு காசும் கிடைக்கவில்லை. சிறிது நேரத்தில், தாம் விரும்பிய நிலம் அப்பிச்சைக்காரனுடையது என ஜோன் சேவக் அறிகின்றார். அக்கணமே அவர் குரல் மாறுகின்றது. ஒரு மனிதன் மற்றொருவனுக்கு யார் என்பதை அவன் கையிலுள்ள சொத்தே தீர்மானிக்கும் உலகத்தை ஆசிரியர் முதல் அத்தியாயத்திலேயே காட்டிவிடுகின்றார்.

ஜோன் சேவக் கொடியவர் அல்லர். உழைப்பாளி, தொலைநோக்குடையவர். அந்நியப் பொருளுக்காக வெளியே செல்லும் பணத்தைத் தம் ஆலை நாட்டினுள் நிறுத்துமென்றும் வேலையற்றோர்க்கு வேலை தருமென்றும் வாதிடுகின்றார். சுதேசியம் பேசப்பட்ட காலத்தில் இவ்வாதம் வலிமை வாய்ந்தது. ஆசிரியர் அவ்வாதத்தைக் கேலிக்கு உள்ளாக்கவில்லை. முழு வலிமையோடும் அதனை மொழியவிடுகின்றார். நாவல் தத்துவ நாவலாவதற்கு இந்நேர்மையே முதற் காரணம் எனலாம். எதிர்த்தரப்பை அறிவிலியாக்கிவிட்டு அதனை வெல்வது விசாரணையாகாது.

சூர்தாசின் மறுப்பும் வெறும் பற்றினால் எழுந்ததன்று. நிலம் தன்னுடையது என்பதிலும், தான் அதற்குக் காவலாளி என்பதையே அவன் வலியுறுத்துகின்றான். மாடுகள் எங்கே மேயும்? முன்னோர் பெயரால் அங்கே தருமசாலையும் கிணறும் அமைக்கும் எண்ணம் என்னாகும்? ஆலை வந்தால் கள்ளும் சூதும் விலைமகளிரும் வருவர், உழவர் ஏரைக் கைவிடுவர் என்கின்றான். முதலாளி நிலத்தை விலையால் அளக்கின்றார். பிச்சைக்காரன் அதனைக் கடமையால் அளக்கின்றான். ஓர் அளவுகோலை மற்றதாக மாற்ற இயலாமையே மோதலின் வேர். விலையை உயர்த்துவதால் அம்மோதல் தீராது.

இவ்விருவருக்கும் இடையே இறுதிவரை தனிப்பட்ட பகை இல்லை. மருத்துவமனையில் இறக்கும் தறுவாயிலிருக்கும் சூர்தாசைக் காணச் சென்று ஜோன் சேவக் வருந்துகின்றார். சூர்தாஸ் அவரிடம் மனக்குறை எதுவும் கொண்டிலன். ஈண்டுதான் நாவலின் தலைப்புப் பொருள் பெறுகின்றது. வாழ்வு ஓர் ஆட்டம். ஆட்டத்தில் முழுமூச்சோடு ஆடவேண்டும், முறைதவறி வெல்லலாகாது, தோற்றால் அழலாகாது, எதிராளியை வெறுக்கலாகாது. குடிசையை எரித்தால் மறுபடி கட்டுவது, மீண்டும் எரித்தால் மீண்டும் கட்டுவது என்பதே சூர்தாசின் விடை. பகையின்றிப் போராடல் என்னும் காந்தியக் கோட்பாட்டின் நாட்டார் வடிவமாக இதனைக் கொள்ளலாம்.

ஆலை நுழைந்த இல்லங்கள்

ஜோன் சேவக்கின் வீட்டை அடுத்து நோக்குதல் தகும். தந்தை ஈசுவர் சேவக் எந்நேரமும் பிரார்த்தனை கூறுபவர், மகனின் வியாபார நோக்குக்கு மதத்தின் ஆசியை வழங்குபவர். மனைவி ஆங்கிலேயரோடு சம அந்தஸ்துப் பெறும் வேட்கையில் மூழ்கியவர். மகன் பிரபு சேவக் கவிஞன், தந்தை ஆலையை அவன் தோளில் ஏற்ற விரும்ப, அவன் கவிதையில் ஒதுங்குகின்றான். மகள் சோபியா எம்மதத்தையும் ஆராயாது ஏற்க மறுப்பவள். அதனாலேயே தாயோடு பிணங்கி வீட்டை விட்டு வெளியேறுகின்றாள்.

வெளியேறிய சோபியா, விநயின் தொண்டர் குழுவினர் பயிற்சி செய்யுமிடத்தில் தீயிற் சிக்கிய அவனைக் காக்க முனைந்து காயமுற்று, பரத்சிங்கின் மாளிகையில் தங்க நேர்கின்றது. மகளைக் காண வந்த தந்தை அவ்வாய்ப்பைப் பயன்படுத்தி மாளிகைக்காரருக்குத் தமது கம்பனிப் பங்குகளை விற்கின்றார். மகளின் தீக்காயமும் மூலதனத்துக்கு வாயிலாகின்றது. பாசம் பொய்யானதன்று; ஆயினும் அப்பாசத்தினுள்ளும் வியாபாரம் புகுந்துவிடுகின்றது. இதனை ஆசிரியர் எவ்விதக் கண்டனமுமின்றிக் கூறிச் செல்வதே அக்காட்சியின் வலிமை.

அடுத்தது பரத்சிங்கின் குடும்பம். குன்வர் பரத்சிங் நாட்டுப்பற்றும் சுகவாழ்வும் ஒருங்கே வேண்டுபவர். ராணி ஜானவி தன் மகனைத் துறவு பூண்ட தேசத் தொண்டனாக வளர்க்கின்றாள். விநய்–சோபியா காதலை அறிந்ததும் மகனை ராஜபுதனத்துக்கு அனுப்பிவிடுகின்றாள். ஜோன் சேவக் தன் மக்களை ஆலைக்குரியவராகக் கண்டார். ஜானவி தன் மகனை இலட்சியத்துக்குரியவனாகக் கண்டாள். ஒன்று பொருளாசை, மற்றது தியாக வேட்கை. எனினும் இரண்டும் பிள்ளைகளைக் கருவிகளாக்குவதில் ஒத்திருக்கின்றன. முதலாளியை விமரிசித்த அதே அளவுகோலால் தேசபக்தையையும் ஆசிரியர் அளந்திருப்பது குறிப்பிடத்தக்கது.

விநயின் வீழ்ச்சி இதன் விளைவேயாகும். சமஸ்தானத்தில் மக்கள் தொண்டனாகச் சென்றவன், சோபியா கலகக்காரரிடம் அகப்பட்டாள் என்றதும் அதிகாரிகளோடு சேர்ந்து அம்மக்களையே வேட்டையாடுகின்றான். அவனது இலட்சியம் தாயிடமிருந்து பெற்றது, தன்னுள் முளைத்ததன்று. ஆதலால் முதற் புயலிலேயே சாய்கின்றது. பின்னர்ப் பாண்டேபூரில் மக்கள் கூட்டம் அவனது தியாகத்தை ஐயுற்று ஏளனஞ் செய்தபோது, தன்னைத் தானே சுட்டுக்கொள்கின்றான். சூர்தாசுக்குத் தன்னை எவர்க்கும் நிரூபிக்கும் தேவை எக்காலத்தும் இருந்ததில்லை. இருவரும் ஒரே களத்தில் வீழ்ந்தனராயினும் அம்மரணங்கள் வேறுவேறானவை.

மூன்றாவது இல்லம், நகரசபைத் தலைவர் மகேந்திரகுமாருடையது. அவர் மனைவி இந்து, விநயின் சகோதரி, சோபியாவின் பள்ளித்தோழி. மகேந்திரகுமார் பொதுமக்களின் புகழையும் ஆட்சியாளரின் தயவையும் ஒருசேர விரும்புகின்றார். சூர்தாசின் நிலத்தை எடுப்பதற்குத் துணைநின்ற அவர், சோபியாவின் செல்வாக்கால் கிளார்க் அவ்வாணையை இரத்துச் செய்தபோது அவமானமடைகின்றார். சோபியாவின் அச்செயலில் நீதியுணர்வோடு, இந்துவின்மேற் கொண்ட மனக்கசப்பும் கலந்திருந்தது. நீதியான ஒரு தீர்ப்புக்கும் தூய்மையற்ற ஒரு நோக்கம் துணையாகலாம் என்னும் இவ்வுண்மையை எளிய இலட்சியவாதியான எழுத்தாளர் ஒருவர் எழுதத் துணியார். ஆணை பின்னர் மேலிடத்தின் தலையீட்டால் மீண்டும் நிலைபெறுகின்றது. ஈற்றில், சூர்தாசுக்கு மக்கள் எழுப்பிய சிலையை இரவில் வீழ்த்தச் சென்று, அச்சிலையின் கீழேயே நசுங்கி மகேந்திரகுமார் இறக்கின்றார்.

தாஹிர் அலியின் கணக்கு

நாவலின் மாந்தருள் வாசகர் எளிதில் மறந்துவிடக்கூடியவர் தாஹிர் அலி. தோற்கிடங்கின் முகாமையாளராக ஜோன் சேவக்கிடம் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர். சிறிய தாய்மாரையும் அவர்தம் பிள்ளைகளையும் அவரே தாங்குகின்றார். சிற்றன்னையின் மகனான மாஹிர் அலியின் படிப்புக்காகத் தன் மனைவி குல்சூமையும் குழந்தைகளையும் பட்டினி போடுகின்றார். செலவு தாளாது முதலாளியின் பணத்திற் கைவைத்துச் சிறை செல்கின்றார். அவர் தயவாற் படித்துப் பொலிஸ் உத்தியோகம் பெற்ற தம்பி, அண்ணன் குடும்பத்தைக் கைவிடுகின்றான்.

புதிய பொருளாதாரத்துக்கும் பழைய குடும்பக் கடமைக்கும் இடையே நசுங்கும் மனிதனின் சித்திரம் இது. கூட்டுக்குடும்பத்தின் கடமைகள் நிலத்தின் விளைவைப் பகிர்ந்துண்ட காலத்தில் உருவாயின. மாதச் சம்பளம் ஒருவன் கைக்கு வருவது. கடமையோ பலர்மீது பரந்தது. இரண்டுக்கும் கணக்குப் பொருந்தாது. தென்னிலங்கைக் கடையில் ஒருவன் சம்பாதிக்க, ஊரில் ஒரு குடும்பமே அவன் அனுப்பும் காசை எதிர்பார்த்திருந்த தீவகத்து வாழ்வை அறிந்தோர்க்குத் தாஹிர் அலி புதியவரல்லர். தங்கைமாரின் சீதனத்துக்காகத் தன் வாழ்வை ஒத்திவைத்த தமையன்மார் பலரை நாம் கண்டிருக்கின்றோம்.

ஊரவர்

பாண்டேபூர் மக்களைப் பிரேம்சந்த் தேவர்களாக வருணிக்கவில்லை. கள்ளுக்கடைக்காரன் பைரோ, பால்கார பஜ்ரங்கி, வெற்றிலைக்கடைத் தாகூர்தீன், யாத்திரிகரை நம்பிப் பிழைக்கும் நாயக்ராம், பொறாமை பிடித்த ஜகதர் ஆகியோர் தத்தம் நலத்தை நாடுபவர்களே. சூர்தாசின் நிலத்தில் மாடு மேய்த்தவர்களே ஆதாயம் காட்டப்பட்டதும் தளர்கின்றனர்.

பைரோவின் உறவு தனியே ஆராயத்தக்கது. அவன் அடிக்குத் தப்பிய மனைவி சுபாகி சூர்தாசின் குடிசையில் அடைக்கலம் புகுகின்றாள். ஊர் பழிதூற்றுகின்றது. பைரோ குடிசைக்குத் தீ வைத்து, பிச்சைக்காரன் சிறுகச் சேர்த்த பணப்பையையும் திருடுகின்றான். சுபாகி அப்பணத்தை மீட்டுக் கொடுத்தபோது, சூர்தாஸ் அது தன்னுடையதன்று எனப் பைரோவிடமே திருப்பிக் கொடுக்கின்றான். பின்னர்ப் பைரோவின் கடை எரிந்தபோது, தனக்காகப் பொதுமக்கள் திரட்டிய பணத்தையும் அவனுக்கே அளிக்கின்றான். பைரோ மனந்திரும்புகின்றான்.

ஆனால் இவ்வறம் எல்லாரையும் மாற்றிவிடவில்லை. சூர்தாஸ் வளர்த்த தம்பிமகன் மிட்டுவா ஆலையின் கவர்ச்சியில் அகப்பட்டு, நட்டஈட்டில் தன் பங்கைக் கேட்டு நிற்கின்றான். ஆலைச் சூழலிற் கெட்ட ஊர் இளைஞர் இருவர் சுபாகியிடம் தகாதமுறையில் நடக்க முயன்றபோது, சூர்தாஸ் பொலிசில் முறையிட்டு அவர்களைச் சிறைக்கு அனுப்புகின்றான். அவர்கள் அயலவரின் பிள்ளைகள். அதனால் ஊரே அவனைப் பகைக்கின்றது. மன்னிக்கும் சூர்தாஸ் ஏன் இங்கு மன்னிக்கவில்லை? தனக்கு இழைக்கப்பட்ட தீங்கை மன்னிக்கும் உரிமை அவனுக்கு உண்டு. ஒரு பெண்ணுக்கு இழைக்கப்பட்ட தீங்கை அவளுக்காக மன்னிக்கும் உரிமை அவனுக்கு இல்லை. ஆட்டத்தின் விதி என அவன் கொண்டது யாதென்பது இவ்விடத்திலேயே மிகத் தெளிவாகின்றது.

எதிர்முனையில் ஒரு நாவல்

இவ்விடத்தில், கைத்தொழிலைப் பற்றிய மற்றொரு தத்துவ நாவலோடு ஒப்புநோக்குதல் பயனுடைத்து. ரஷ்யாவிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய அயன் ராண்ட் எழுதிய 'அட்லஸ் ஷ்ரக்ட்' 1957 ஆம் ஆண்டு வெளிவந்தது. புகையிரதப் பாதைகளை நடத்தும் டாக்னி டகார்ட், புதிய உலோகம் கண்ட ஹாங்க் ரியர்டன் முதலாய தொழிலதிபரே அதில் வீரர்கள். அவர்களது உழைப்பிலும் அறிவிலும் வாழ்ந்துகொண்டே அவர்களைப் பழிக்கும் சமுதாயத்துக்கு எதிராக, ஜோன் கால்ட் என்பவன் தலைமையில் ஆக்குநரே வேலைநிறுத்தஞ் செய்கின்றனர். பிறனுக்காகத் தான் வாழ்வதுமில்லை, தனக்காகப் பிறனை வாழக் கேட்பதுமில்லை என்பதே அவர்களது உறவுக்கு அடிப்படையான சபதம்.

இரு நாவல்களும் ஒரே வகையான குடும்பத்தை எதிரெதிர்க் கோணங்களிற் காட்டுவது வியப்பளிப்பது. ரியர்டன் தாயையும் தம்பியையும் தாங்குகின்றான். அவர்கள் நன்றியின்றி அவனை இகழ்கின்றனர். தாஹிர் அலிக்கும் அதே நிலை. ராண்டின் விடை: கடமையென்னும் அவ்விலங்கை ரியர்டன் உடைத்தெறிதல் வேண்டும். பிரேம்சந்தின் உலகில் அவ்வாறு உடைத்தெறிந்தவன் மாஹிர் அலியே. அவன் விடுதலை பெற்றவனாகத் தோன்றவில்லை, சிறுமையுற்றவனாகவே தோன்றுகின்றான். ராண்டின் மாந்தரிடையே உறவு என்பது தகுதிக்குத் தகுதி கொடுக்கும் மாற்று. சூர்தாசின் உறவுகளோ திருப்பிக் கிடைக்குமா எனக் கணக்கிடாதவை.

எனினும் ராண்டின் வினாவை நாம் தட்டிக்கழித்தல் ஆகாது. தாங்குபவனைத் தாங்குபவர் யார்? தாஹிர் அலியின் பட்டினி கிடந்த குழந்தைகள் அவ்வினாவையே கேட்கின்றனர். பிரேம்சந்த் அதனை எழுப்பினாரேயன்றி விடை கூறினாரல்லர். ராண்டின் நாவலிலோ, ஆலை எழுந்த நிலத்தில் முன்பு யார் மாடு மேய்த்தார் என்னும் வினா எழுவதேயில்லை. பெரும்பாலான நாடுகளில் கைத்தொழிலின் வரலாறு அவ்வினாவிலிருந்தே தொடங்குகின்றது.

தமிழில் இத்தகைய விசாரணைக்கு அண்மையில் வருவது சா. கந்தசாமியின் 'சாயாவனம்'. கரும்பாலை அமைப்பதற்காக ஒரு வனத்தை அழிக்கும் சிதம்பரத்தின் கதை அது. அங்கே எதிர்நிற்பது மரமும் கொடியும் பறவையுமான வனம். அதனாற் பேச இயலாது. ரங்கபூமியில் எதிர்நிற்பவனுக்குப் பேச்சுண்டு. அதனால் அந்நாவல் வாதமாக விரிகின்றது.

குறைகளும் மறுப்புகளும்

ரங்கபூமியின் குறைகளையும் கூறுதல் ஆய்வுக் கடமையாகும். விநய்–சோபியா கதை மிகையுணர்ச்சியும் தற்செயல் நிகழ்ச்சிகளும் மலிந்தது. நீண்ட சமஸ்தானப் பகுதி மையக் கதையின் இறுக்கத்தைத் தளர்த்துகின்றது. சோபியா கங்கையில் வீழ்ந்து மாள்வதும், மகேந்திரகுமார் சிலையின் கீழ் மாள்வதும் அறத்தின் கணக்கைத் தீர்ப்பதற்கென ஆசிரியர் வலிந்து அமைத்தவையாகத் தோன்றுகின்றன.

இதனினும் ஆழமான மறுப்பு ஒன்றுண்டு. சூர்தாசைச் சாதிப்பெயரால் நாவல் மீண்டும் மீண்டும் குறிப்பதை எதிர்த்து, 2004 ஆம் ஆண்டு டில்லியில் தலித் அமைப்பொன்று இந்நூலின் படிகளை எரித்தது. அப்பெயர்ச்சுட்டு அக்காலச் சமுதாயத்தின் யதார்த்தம் என ஆசிரியருக்காக வாதிட்டோரும் உளர். எம் கருத்தில், வினா பெயர்ச்சுட்டோடு முடிவதன்று. நாவலில் மிகப் பெரிய பொறுமையும் மிகப் பெரிய தியாகமும் ஒடுக்கப்பட்டவனிடமே எதிர்பார்க்கப்படுகின்றன. குண்டுபட்டு இறந்தபின் அவனுக்குச் சிலை வைத்த சமுதாயம், அவன் உயிரோடிருந்தபோது அவனோடு ஒரு பந்தியில் உண்டதா என்பதை நாவல் கேட்கத் தவறிவிட்டது. கே. டானியலின் 'பஞ்சமர்' போன்ற படைப்புகளைப் படித்த ஈழத்து வாசகர் அவ்வெற்றிடத்தை உணராதிரார்.

மற்றொரு குறை, ஆலை பற்றியது. ஆலையின் தீமைகளைச் சொல்லும் நாவல், அதனுள் வேலை செய்யும் தொழிலாளியின் உள்ளத்தைத் திறந்து காட்டவில்லை. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க, ஏனையோர் சுருட்டுச் சுற்றியபடியே கேட்டு அரசியலும் இலக்கியமும் பேசிய வழக்கத்தை நம் முதியோர் கூறுவர். தொழிலிடம் மனிதரைக் கெடுப்பதோடு அமையாது, கூட்டியும் வளர்க்கும். அப்பக்கம் பாண்டேபூரில் இருளிலேயே கிடக்கின்றது.

முடிவுரை

ஜோன் சேவக் வென்றார். நிலம் கிடைத்தது, ஆலை எழுந்தது, இலாபமும் வந்தது. ஆயினும் மகள் மாண்டாள், மகன் கடல்கடந்தான், மனைவி சித்தங் கலங்கினாள். வெறுமையான வீட்டிலிருந்து அவர் வேறோர் ஊரில் மற்றுமோர் ஆலை தொடங்கும் வேலையில் மூழ்குகின்றார். சூர்தாஸ் தோற்றான். நிலமும் குடிசையும் உயிரும் போயின. ஆயினும் பகைத்தோரே அவன் பாடையைச் சுற்றி நின்றனர். வெற்றி உறவுகளைக் கரைத்தது. தோல்வி உறவுகளைத் திரட்டியது. இவ்விரு வரைகோடுகளும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் அமைப்பே நாவலின் கட்டுக்கோப்பாகும்.

இதனைக் கைத்தொழிலுக்கு எதிரான நாவல் எனச் சுருக்கிவிடுதல் தவறு. ஆலை வேண்டுமா வேண்டாமா என்பதை விட, நிலத்தில் வாழ்வோரின் சொல்லுக்கு மதிப்புண்டா என்பதே அதன் அடிப்படை வினா. சூர்தாசுக்குப் பணம் மறுக்கப்படவில்லை, நட்டஈடு வழங்கப்பட்டது. மறுக்கப்பட்டது 'மாட்டேன்' என்று சொல்லும் உரிமை. சட்டம் அவனிடம் விலையைக் கேட்டது, விருப்பத்தைக் கேட்கவில்லை.

இவ்வினா நமக்குத் தொலைவிலுள்ளதன்று. 1990 ஆம் ஆண்டிலும் அதையடுத்தும் போர்ச் சூழலில் வேலணை உள்ளிட்ட தீவக ஊர்களின் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். எவரும் அவர்களது விருப்பத்தைக் கேட்கவில்லை. திரும்பி வந்தோர் சிலர், வராதோர் பலர். இடிந்த சுவரும் தூர்ந்த கிணறும் உரிமையாளரை எதிர்நோக்கிக் கிடந்த வளவுகள் எத்தனையோ. அந்நிலங்களுக்கு வெவ்வேறு பெயர்களில் திட்டங்கள் வரலாம். அவற்றுட் சில நன்மையும் பயக்கலாம். அவற்றைக் கண்மூடி எதிர்ப்பதும் கண்மூடி வரவேற்பதும் ரங்கபூமி கற்பிக்கும் பாடங்களல்ல. தரவையில் யாருடைய மாடு மேய்ந்தது, கிணற்றில் யார் நீர் அள்ளினர், அவர்களிடம் யார் கேட்டார் என்னும் வினாக்களைத் திட்டம் வரையும் மேசையில் முதலில் வைத்தல் வேண்டும் என்பதே அது கற்பிப்பது.

அவ்வினாக்களை ஒரு நாவலில் எழுப்பிய பிரேம்சந்த் 1936 ஆம் ஆண்டு மறைந்தார். பாண்டேபூரின் பார்வையற்ற மனிதனிடம் ஒரு சிறுவன் கேட்கும் கேள்வி, குடிசையை மறுபடி மறுபடி எரித்தால் என்ன செய்வாய் என்பது. அக்கேள்வியும் அதற்கு அவன் அளித்த விடையும் வீடிழந்து வீடு கட்டிய ஒரு சமுதாயத்துக்கு உரையாசிரியர் தேவைப்படாத பகுதிகளாகும்.